கண்டக்டரின் கை ஏன் இசைக்கு முன்னால் போகிறது?

2025 மார்ச் 8 அன்று லண்டனில் இளையராஜாவின் சிம்பொனி அரங்கேறியதிலிருந்து ஒரு கேள்வி நம் வடசென்னைப் பக்கத்தில் ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. "எழுதினது ராஜா. வாசிச்சது அத்தினி பேரு. நடுவுல குச்சி வச்சிக்கினு நின்னாரே, அவரு இன்னாதான் செஞ்சாரு?" அங்கே குச்சியோடு நின்றவர் மிக்கெல் டாம்ஸ், இசைக்குழுவைக் கையசைத்து நடத்தும் கண்டக்டர். கேள்விக்கு என் காதில் விழுந்த பதில்கள் மூன்று வகை. தாளம் போட்டார் என்றார்கள் சிலர். வாசிப்பவர்களுக்கு நோட்ஸ் முன்னாலேயே இருக்கிறது, அவர் அழகுக்கு நிற்கிறார் என்றார்கள் சிலர். இசையமைப்பாளருக்கும் மேலான ஆள் அவர் என்றுகூடக் கேட்டேன். மூன்றும் தவறு. மூன்றுக்கும் பின்னால் இருக்கும் குழப்பம் ஒன்றுதான்: கண்டக்டரின் கை எந்த நேரத்தைக் காட்டுகிறது என்பது நமக்குச் சொல்லித் தரப்படவில்லை.

இது லண்டன் மேடையோடு முடிகிற விஷயமும் அல்ல. ராயபுரம், தண்டையார்பேட்டை, பெரம்பூர், வியாசர்பாடி என்று எந்தப் பக்கம் போனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏதாவது ஒரு தேவாலயத்தில் கொயருக்கு, அதாவது பாடகர் குழுவுக்கு, முன்னால் ஒருவர் கையைத் தூக்கி நிற்கிறார். ராயபுரம் பக்கத்துக் கொயர் ஒன்றில் நான் பாஸ், அதாவது ஆண்களின் கீழ்க்குரல், பாடுகிறேன். எங்களுக்கு முன்னால் நிற்பவரின் வேலை எவ்வளவு பெரியது என்பது பாடுகிற எங்களில் பலருக்கே தெரியாது. அந்த வேலையை இசைப் பல்கலைக்கழகங்களில் நான்கைந்து வருடம் உட்கார வைத்துக் கற்றுத் தருகிறார்கள் என்றால் நம்ப மறுக்கிறார்கள். கை ஆட்ட நான்கைந்து வருடமா? ஆட்டுவதற்கு அவ்வளவு காலம் தேவையில்லை. அந்த வருடங்கள் வேறு எதற்கோ போகின்றன.

தாளம் நடப்பதைச் சொல்லும்

முதலில் தாளத்தை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அது நமக்குத் தெரிந்த இடம். கச்சேரியில் முன்வரிசையில் இருப்பவர்கள் ஆதி தாளம் போடுகிறார்கள். ஒரு தட்டு, மூன்று விரல் எண்ணிக்கை, பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. மொத்தம் எட்டு. உள்ளங்கை தொடையில் விழும் அந்தக் கணமும் பாட்டில் சமம், அதாவது தாளச் சுற்றின் முதல் எண்ணிக்கை, வரும் கணமும் ஒன்றே. கையும் ஒலியும் சேர்ந்தே வருகின்றன. பாடகர் போடுவதும் அதே தாளம், ரசிகர் போடுவதும் அதே தாளம். அந்த எண்ணிக்கை எல்லோருக்கும் பொது.

கண்டக்டரின் கையும் ஒலியும் சேர்ந்து வந்தால் எண்பது பேர் சேர்ந்து தொடங்க முடியாது. கை கீழே விழுந்ததைப் பார்த்த பிறகு வயலின் வில்லை இழுத்தால் தாமதமாகிவிடும். கை எப்போது விழும் என்று ஊகித்து இழுத்தால் ஆளுக்கு ஒரு ஊகம். ஆகவே அந்தக் கை, அடுத்து வரப்போவதை முன்கூட்டியே காட்டியாக வேண்டும்.

துறைமுகத்துச் சிக்னல்காரர்

வடசென்னைக்காரர்களுக்கு இதைப் புரியவைக்கத் துறைமுகத்தை விட நல்ல இடம் கிடையாது. கப்பலின் அடித்தளத்தில் இருந்து சரக்கை மேலே தூக்கும்போது, கிரேன் ஓட்டுபவருக்கு உள்ளே இருப்பது தெரியாது. திறப்பின் ஓரத்தில் சிக்னல்காரர் நிற்பார். இரைச்சலில் குரல் எடுபடாது என்பதால் கைதான் பேச்சு. அவர் ஒரு கிலோவைக்கூடத் தூக்குவதில்லை. ஆனால் அவர் கை அசையாமல் எதுவும் தூக்கப்படுவதில்லை.

அவர் செய்வதை உன்னிப்பாகப் பார்த்தால் மூன்று விஷயங்கள் பிடிபடும். கை முதலில், சரக்கு பிறகு. சரக்கு மேலே வந்துகொண்டிருக்கும்போதே அவர் கை அடுத்த அசைவுக்குப் போயிருக்கும். இரண்டாவது, "தூக்கு" என்பதோடு எப்படித் தூக்கு என்பதும் அந்தக் கையிலேயே இருக்கும். விரலளவு அசைத்தால் அங்குலம் அங்குலமாக, வீசிக் காட்டினால் வேகமாக. மூன்றாவது, ஓட்டுபவர் பார்க்க முடியாததை அவர் பார்க்கிறார். சரக்கின் எடை, சங்கிலி கட்டியிருக்கும் விதம், கீழே ஆள் நிற்கிறாரா என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கைஜாடையை அரை நாளில் கற்றுவிடலாம். இந்த அறிவுக்குத்தான் வருடங்கள் ஆகும்.

கண்டக்டருக்கு இந்த மூன்றும் அப்படியே பொருந்தும். ஒலி அவரிடமிருந்து வருவதில்லை. அவர் கை ஒலிக்கு முன்னால் போகிறது. வயலின்காரரின் முன்னால் வயலின் பகுதி மட்டும்தான் இருக்கும். முழுவதும் கண்டக்டர் முன்னால் இருக்கும். ஒரே ஒரு இடத்தில் இந்த ஒப்புமை நின்றுவிடுகிறது. கிரேன் ஓட்டுபவர் சொன்னதைச் செய்தால் போதும். இசைக்குழுவில் இருப்பவர்களோ இருபது முப்பது வருடம் வாசித்தவர்கள், அந்த இசையைப் பற்றிச் சொந்தக் கருத்து உள்ளவர்கள். அவர்களைச் சம்மதிக்க வைப்பதும் கண்டக்டரின் வேலை.

முன்னசைவு என்னும் அடிப்படை

ஒலி தொடங்குவதற்குச் சரியாக ஒரு எண்ணிக்கை முன்னால் கண்டக்டர் காட்டும் அசைவுக்கு முன்னசைவு என்று பெயர் வைத்துக்கொள்வோம். கண்டக்ட் செய்யும் கலையின் மொத்த விதையும் இதற்குள் இருக்கிறது. கை மேலே எழும் வேகம்தான் பாட்டின் வேகம். எழும் அளவு ஒலியின் அளவு. எழும் தன்மை, அதாவது மிதந்து எழுகிறதா வெடுக்கென்று எழுகிறதா என்பது, வரப்போகும் ஒலியின் தன்மை. அதோடு சேர்ந்து கண்டக்டர் மூச்சு இழுக்கிறார். குழலூதுபவர்களும் பாடுபவர்களும் தங்களை அறியாமல் கூடவே மூச்சு இழுக்கிறார்கள். தொடக்கம் ஒன்றாக அமைவதற்கு அந்தக் கூட்டு மூச்சு பெரிய காரணம்.

மற்ற கை வடிவங்கள் எளியவை. நான்கு எண்ணிக்கைக்கு வலது கை கீழே, இடம், வலம், மேலே. மூன்றுக்குக் கீழே, வலம், மேலே. இரண்டுக்குக் கீழே, மேலே. ஒரு பிற்பகலில் யாருக்கும் வந்துவிடும். இடது கை வலது கையைக் கண்ணாடிபோல் திரும்பச் செய்யக் கூடாது என்பது முதல் வருடப் பாடங்களில் ஒன்று. ஒலியைக் கூட்ட, குறைக்க, ஒரு பகுதிக்கு "இப்போது நீங்கள்" என்று நுழைவு காட்ட, நீட்டிய ஒலியைத் தாங்கிப் பிடிக்க இடது கை தனியாக வேண்டும். இரண்டு கையும் ஒன்றையே செய்தால் பாதித் தகவல் வீண்.

பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனியைக் கேட்காதவர்கள் குறைவு. 1808-இல் வியன்னாவில் முதன்முறை வாசிக்கப்பட்டது. மூன்று குட்டை ஒலி, ஒரு நெட்டை ஒலி, விளம்பரங்களில்கூடக் கேட்டிருப்பீர்கள். நான்கே ஒலிதானே என்று தோன்றும். கண்டக்டிங் மாணவர்கள் நடுங்கும் இடம் அது. ஏனென்றால் அந்த இசை ஒலியோடு தொடங்கவில்லை, ஒரு சிறிய மௌனத்தோடு தொடங்குகிறது. கண்டக்டரின் கை விழும் இடத்தில் யாரும் வாசிக்கக் கூடாது. விழுந்த உடனே, அந்த மௌனத்தின் மேல் இடித்துக்கொண்டு மூன்று குட்டை ஒலிகள் வர வேண்டும். நான்காவது ஒலியின் மேல், எண்ணிக்கையை நிறுத்திவிட்டு விருப்பம் போல் நீட்டு என்ற குறி இருக்கிறது. அதாவது இசை தொடங்கிய மறு கணமே எண்ணிக்கை நின்றுவிடுகிறது. எவ்வளவு நேரம் நீட்டுவது, எப்போது அறுப்பது, அறுத்த அசைவையே அடுத்த தொடக்கத்தின் முன்னசைவாக எப்படி மாற்றுவது என்று எல்லாமே அந்தக் கையில்தான் இருக்கிறது. தாளம் போடுபவரால் இந்த ஒரு வரியைத் தாண்ட முடியாது, ஏனென்றால் இங்கே போடுவதற்குத் தாளமே இல்லை.

நம் கொயர்களுக்கு நெருக்கமான இன்னொரு இடம், ஹேண்டலின் 'மெசையா'வில் வரும் அல்லேலூயா கோரஸின் கடைசிப் பகுதி. அடுக்கடுக்காக அல்லேலூயா சொல்லிக்கொண்டே போய், உச்சத்தில் சட்டென்று எல்லாம் நின்றுவிடும். முழு மௌனம். பிறகு மெதுவாக, அகலமாக, கடைசி அல்லேலூயா. வேகத்தில் அடித்துக்கொண்டு வந்த டெனர்களில் (உயர்ந்த ஆண்குரல்காரர்களில்) ஒருவர் அந்த மௌனத்துக்குள் தனியாகப் பாய்ந்துவிடுவது உலகம் முழுக்க நடக்கும் விபத்து. அதைத் தடுக்கும் வழி, மௌனத்தின்போது கை அசையாமல் நிற்பது மட்டுமல்ல; மௌனம் வருவதற்கு முன்பே, கடைசி வேகமான அல்லேலூயாவின்போதே, நிற்கப்போகிறோம் என்று கண்டக்டரின் உடம்பு சொல்லிவிட வேண்டும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: தாளம் நடக்கும் கணத்தைக் குறிக்கிறது, கண்டக்டரின் கை ஒரு எண்ணிக்கை முன்னால் நின்று வேகம், அளவு, தன்மை மூன்றையும் சொல்கிறது. கை வடிவங்கள் எளியவை. எதை முன்கூட்டிக் காட்டுவது என்று தெரிந்திருப்பதுதான் கடினம்.

காது போதாதா, கண் எதற்கு?

கானாப் பாட்டில் ஐந்தாறு பேர் அருகருகே உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு அடித்து நொறுக்குகிறார்கள். அங்கே கண்டக்டர் தேவையில்லை, இருந்தால் இடைஞ்சல். பெரிய குழுவில் மட்டும் ஏன் தேவைப்படுகிறார் என்பதற்கு ஒலியின் வேகம் ஒரு காரணம். காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. மேடையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி 20 மீட்டர் என்றால், அங்கே எழுந்த ஒலி இங்கே வர 0.06 நொடி ஆகும். சிறியதுதான். ஆனால் நிமிடத்துக்கு 120 எண்ணிக்கை வேகத்தில், ஒரு எண்ணிக்கைக்குள் நான்கு ஸ்வரம் வந்தால் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் கிடைப்பது 0.125 நொடி. அதில் கிட்டத்தட்டப் பாதி தூரத்திலேயே போய்விடுகிறது. கடைசி வரிசையில் டிரம் அடிப்பவர், முன்வரிசை வயலினைக் காதால் கேட்டுச் சேர்ந்துகொண்டால் அவையில் இருப்பவர்களுக்கு அவர் பிந்தியே ஒலிப்பார். ஒளிக்கு அந்தத் தாமதம் இல்லை. அதனால்தான் பின்வரிசைக்காரர்கள் காதை விடக் கண்ணை நம்பிப் பழகுகிறார்கள். ஆர்கன் மாடியிலும் கொயர் கீழேயும் இருக்கும் பழைய தேவாலயங்களில் பாடியவர்களுக்கு இது அனுபவத்திலேயே தெரியும்.

ஆனாலும் கண்டக்டர் இல்லாமல் பெரிய குழு இயங்கவே முடியாது என்று சொல்வது பொய். 1922 முதல் 1932 வரை மாஸ்கோவில் பெர்சிம்ஃபான்ஸ் என்ற இசைக்குழு கண்டக்டர் இல்லாமல் பெரிய சிம்பொனிகளை வாசித்தது. நியூயார்க்கின் ஆர்ஃபியஸ் சேம்பர் ஆர்கெஸ்ட்ரா 1972-இல் தொடங்கி அப்படியே வாசித்துவருகிறது. அங்கே என்ன நடக்கிறது என்றால், கண்டக்டர் ஒருவர் எடுக்க வேண்டிய முடிவுகளை எல்லோரும் பேசி எடுக்கிறார்கள், அதற்கு ஒத்திகை நேரம் கூடுகிறது. வேலை மறையவில்லை, பங்கிடப்படுகிறது.

கண்டக்டர் என்று தனியாக ஒருவர் நிற்பதும் அவ்வளவு பழைய வழக்கமல்ல. பல காலம் முதல் வயலின்காரரோ விசைப்பலகை வாசிப்பவரோ தலையசைத்து நடத்தினார்கள். பிரெஞ்சு அரசவையில் இசையமைப்பாளர் லுல்லி கனத்த கோலைத் தரையில் குத்தி நேரம் காட்டினார். 1687-இல் அப்படிக் குத்தும்போது தன் காலிலேயே குத்திக்கொண்டு, புண் அழுகி இறந்துபோனார். தரையில் குத்தும் சத்தம் இல்லாத சிறு குச்சி, அதாவது பேட்டன், 19-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில்தான் பரவியது. 1835-இல் ஜெர்மனியின் லைப்ஸிக் நகர இசைக்குழுவின் பொறுப்பை ஏற்ற இசையமைப்பாளர் மெண்டல்ஸோன் அதைக் கொண்டு நடத்தினார். அவரே 1843-இல் அங்கே ஓர் இசைக் கல்லூரியையும் தொடங்கினார். கண்டக்டிங்கைத் தனிப் படிப்பாக வகுப்பறைக்குக் கொண்டுவந்தது அதற்குப் பின் வந்த தலைமுறைகள்.

பல்கலைக்கழகத்தில் அத்தனை வருடம் என்ன படிக்கிறார்கள்?

எண்பது பேர் வாசிப்பது ஒரே தாளில், ஒன்றின் கீழ் ஒன்றாக, வரிவரியாக எழுதப்பட்டிருக்கும். அதற்குப் பெயர் ஸ்கோர். பீத்தோவன் ஐந்தின் முதல் பகுதிக்குச் சுமார் 12 வரிகள். மேலே புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பஸூன். நடுவில் ஹார்ன், டிரம்பெட், டிம்பனி. கீழே வயலின் முதல் டபுள் பாஸ் வரை. ஒரே நேரத்தில் பன்னிரண்டையும் மேலிருந்து கீழாகப் பார்க்க வேண்டும், அதே சமயம் இடமிருந்து வலமாக நகர வேண்டும். போதாததற்கு, எல்லா வரியும் ஒரே கணக்கில் எழுதப்படுவதில்லை. பி ஃப்ளாட் கிளாரினெட்காரர் தாளில் 'ஸி' என்ற ஸ்வரமாக இருப்பதை வாசித்தால் வெளியே கேட்பது 'பி ஃப்ளாட்'. எஃப் ஹார்ன்காரர் அதே 'ஸி'யை வாசித்தால் கேட்பது 'எஃப்'. அந்த ஐந்தாவது சிம்பொனியின் தொடக்க நான்கு ஒலிகளைத் தந்தி வாத்தியங்களும் கிளாரினெட்டும் சேர்ந்தே வாசிக்கின்றன. காதுக்கு ஒரே ஸ்வரம், தாளில் கிளாரினெட்டுக்கு மட்டும் வேறு இடம். கண்டக்டர் இதையெல்லாம் பார்த்த மாத்திரத்தில் மனத்தில் சரிசெய்துகொள்ள வேண்டும்.

இந்தப் பயிற்சியின் இலக்கு ஒன்றே. ஸ்கோரைப் பார்த்தால், ஒருவரும் வாசிக்காமலே, மனத்துக்குள் ஒலி கேட்க வேண்டும். இதை உட்செவி என்போம். சிக்னல்காரருக்குச் சரக்கின் எடை தெரிந்திருப்பதற்கு ஈடானது இது. உட்செவி இல்லாதவருக்கு முன்கூட்டிக் காட்ட எதுவும் இருக்காது. குழு வாசிப்பதைக் கேட்டு அதன் பின்னால் கையை ஆட்டுவார். கூட்டத்தில் இருப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. வாசிப்பவர்களுக்கு இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஆகவே நுழைவுத் தேர்விலேயே காதையும் பியானோவையும் சோதிக்கிறார்கள். பல ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் கண்டக்டிங் படிக்க வருபவர் பியானோ வாசிக்க வேண்டும், ஸ்கோரைப் பியானோவில் சுருக்கி வாசித்துக் காட்ட வேண்டும், கேட்கும் கூட்டு ஸ்வரங்களைச் சொல்ல வேண்டும், பார்த்தவுடன் பாட வேண்டும். பிறகு கண்டக்ட் செய்யச் சொல்வார்கள். நல்ல ஆர்கெஸ்ட்ரா வாத்தியம் ஒன்றிலும் ஏற்கெனவே தேர்ந்தவர்கள் பலர் வருகிறார்கள். வில்லின் எடை கையில் பழகியவருக்கு வயலின் பகுதியிடம் என்ன கேட்கலாம், என்ன கேட்கக் கூடாது என்பது சொல்லாமலே தெரியும்.

வகுப்பு நடக்கும் விதம் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். தினமும் ஓர் ஆர்கெஸ்ட்ராவைக் கூப்பிட்டு உட்கார வைக்க எந்தப் பல்கலைக்கழகத்தாலும் முடியாது. அதனால் இரண்டு பியானோ. இரண்டு பேர் உட்கார்ந்து மொத்த ஸ்கோரையும் வாசிக்க, மாணவர் அவர்களை ஆர்கெஸ்ட்ராவாக நினைத்து நடத்துவார். இல்லாத ஹார்ன்காரர்களுக்கு நுழைவு காட்டுவார், இல்லாத வயலின்களைத் தணிப்பார். பியானோ வாசிப்பவர்கள் கை காட்டியதை மட்டுமே வாசிப்பார்கள். மாணவர் நினைத்ததை வாசிக்க மாட்டார்கள். மாணவரின் கை தயங்கினால் பியானோ தயங்கும். ஆசிரியர் வாயைத் திறக்கவே வேண்டாம்.

லெனின்கிராட் கன்சர்வேட்டரியில், அதாவது இசைக் கல்லூரியில், இலியா மூசின் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் இப்படித்தான் கற்றுக்கொடுத்தார். பின்னாளில் பெயர்பெற்ற கண்டக்டர்களான தெமிர்க்கானவ், கெர்கியெவ், பிச்கோவ் எல்லோரும் அவர் மாணவர்கள். வியன்னாவில் ஹன்ஸ் ஸ்வரோவ்ஸ்கியின் வழி வேறு: இசையின் கட்டமைப்பைப் பிரித்துப் படி, எத்தனை எத்தனை பாராக (பார் என்பது எண்ணிக்கைகளின் ஒரு சுற்று) சேர்ந்து ஒரு வாக்கியமாகிறது என்று கண்டுபிடி, கை தானாகச் சரியாகும். மும்பையில் 1936-இல் பிறந்த கண்டக்டர் சூபின் மேத்தா 18 வயதில் அவரிடம்தான் போய்ச் சேர்ந்தார். அங்கே அவரும் கூடப் படித்த கிளாடியோ அப்பாடோவும் ஒரு காரியம் செய்தார்கள். பெரிய கண்டக்டர்களின் ஒத்திகையை வெளியாட்கள் பார்க்க அனுமதி இல்லை. ஆகவே இருவரும் கொயரில் பாஸ் பாடகர்களாகச் சேர்ந்துவிட்டார்கள். பாடகராக உள்ளே நின்று, கண்டக்டரின் முகத்தை எதிரே இருந்து பார்த்துக் கற்றார்கள். பாஸ் வரிசையில் நிற்கும் எனக்கு இந்தச் செய்தி மேல் தனிப் பிரியம்.

ஹெல்சிங்கியின் சிபெலியஸ் அகாடமி மூன்றாவது வழி. அங்கே 1973 முதல் 1993 வரை பேராசிரியராக இருந்த யோர்மா பனுலா, மாணவர்களை முடிந்தவரை அடிக்கடி உயிருள்ள குழுவின் முன் நிறுத்தினார். நடத்துவதை வீடியோ எடுத்து, பிறகு உட்கார்ந்து பார்க்க வைத்தார். எஸா பெக்கா சலோனென், சகாரி ஓராமோ, ஒஸ்மோ வான்ஸ்கா என்று அவரிடமிருந்து வந்தவர்கள் வரிசை நீளம். ஃபின்லாந்தின் மொத்த மக்கள்தொகை சுமார் 55 லட்சம், சென்னை நகரத்தை விடக் குறைவு. அத்தனை சிறிய நாட்டிலிருந்து இத்தனை கண்டக்டர்கள் வந்ததற்கு, மாணவர்களுக்கு நிற்க ஒரு குழுவை ஏற்பாடு செய்து கொடுத்ததுதான் முதன்மைக் காரணம் என்பது என் கருத்து. திறமை எல்லா ஊரிலும் பிறக்கிறது. அதன் முன்னால் உட்கார்ந்து பொறுமையாக வாசிக்க ஆட்களைத் தருவதுதான் அரிது.

இன்னொரு பாடம் ஒத்திகை நடத்துவது. கச்சேரியன்று மக்கள் பார்ப்பது வேலையின் கடைசித் துண்டு மட்டுமே. பெரும்பகுதி அதற்கு முந்தைய நாட்களில் முடிந்திருக்கும். நிறுத்தினால் உடனே மூன்றைச் சொல்ல வேண்டும்: யார், எந்த இடம், என்ன மாற்றம். "அங்க இன்னும் கொஞ்சம் நல்லா இருக்கணும்" என்றால் யாருக்கும் பயனில்லை. "இரண்டாம் வயலின், 42-ஆம் பார், குறைவாகத் தொடங்கிப் போகப் போகக் கூட்டுங்கள்" என்றால் வேலை நடக்கும். எதற்கு நிறுத்த வேண்டும், எது தானாகவே அடுத்த முறை சரியாகிவிடும் என்று பிரித்தறிவதற்கும் பயிற்சி உண்டு. கையால் சரிசெய்ய முடிவதை வாயால் சொல்லாதே என்பது பல ஆசிரியர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது.

சுருக்கமாக: அந்த வருடங்கள் உட்செவிக்கும், ஸ்கோர் படிப்புக்கும், பியானோவுக்கும், ஒத்திகை நடத்தும் திறமைக்கும் போகின்றன. கை அவற்றின் பின்னால் வருகிறது.

கொயர் நடத்துவது தனித் தொழில்

பல பல்கலைக்கழகங்களில் ஆர்கெஸ்ட்ரா கண்டக்டிங்கும் கொயர் கண்டக்டிங்கும் தனித்தனிப் படிப்புகள். நம் ஊரில் இதைக் கேட்டால் வியப்பார்கள். ஆர்கெஸ்ட்ரா பெரியது, கொயர் அதன் சிறிய வடிவம் என்ற எண்ணம். உண்மையில் கருவியே வேறு. ஆர்கெஸ்ட்ராவில் வருபவர் வாசிக்கத் தெரிந்தே வருகிறார். கொயரில், அதுவும் நம்மைப் போன்ற கொயர்களில், குரலையே அங்கேதான் உருவாக்க வேண்டும். ஆகவே கொயர் கண்டக்டருக்குக் குரல்வளை எப்படி இயங்குகிறது என்று தெரிய வேண்டும். அவர் தானே பாடிக் காட்டக்கூடியவராக இருக்க வேண்டும். ஒத்திகையின் முதல் பத்து நிமிடக் குரல் பயிற்சியைப் பலர் சடங்காக நினைத்துத் தாமதமாக வருகிறார்கள். அன்றைக்கான ஒலி அங்கேதான் தயாராகிறது. ஸ்வீடனின் எரிக் எரிக்ஸன் ஸ்டாக்ஹோமில் பல பத்தாண்டுகள் கற்பித்து, கொயர் என்பதை ஒரு நுண்ணிய வாத்தியமாக நடத்த முடியும் என்று காட்டினார். அவர் வழி வந்தவர்கள் உலகின் பல மூலைகளில் இருக்கிறார்கள்.

கொயர்காரர்கள் பெரும்பாலும் பேட்டன் பிடிப்பதில்லை. வெறும் கையில் உள்ளங்கையும் விரல்களும் பேசும். அகன்ற ஒலிக்கு அகன்ற கை, ஒதுக்கிய ஒலிக்கு ஒதுக்கிய கை. இன்னொரு வித்தியாசம்: கொயர் பாடகர் கையில் இருக்கும் தாளில் நான்கு குரல்களும் இருக்கும். சொப்ரானோ (பெண்களின் மேல்குரல்), ஆல்ட்டோ (பெண்களின் கீழ்க்குரல்), டெனர், பாஸ் எல்லாவற்றையும் எல்லோரும் பார்க்கலாம். ஆனால் பார்ப்பதில்லை. தன் வரியை மட்டும் பார்த்துப் பாடுபவர் கொயரின் பாதியைக் கேட்காமலே வாழ்கிறார்.

வார்த்தைதான் கொயரின் தனிப் பிரச்சினை. ஆங்கிலப் பாட்டில் சொல் "ஸ்" என்று முடிந்தால், நாற்பது பேரும் நாற்பது இடத்தில் சீறுவார்கள்; எந்த எண்ணிக்கையில் அந்த "ஸ்" விழ வேண்டும் என்று கண்டக்டர் முடிவு செய்து கையில் காட்ட வேண்டும். தமிழில் குறில் நெடில் தொல்லை. மேல்நாட்டு மெட்டுக்குத் தமிழ் வார்த்தை போடும்போது நீண்ட ஸ்வரம் குறிலின் மேல் விழுந்தால் "விடு" என்பது "வீடு" ஆகிவிடும், "கல்" என்பது "கால்" ஆகிவிடும். குறிலைக் குறிலாகவே தொட்டுவிட்டு அடுத்த மெய்யெழுத்தில் ஒலியைத் தாங்கலாம். அல்லது மெட்டைச் சற்று உடைக்கலாம். இதை எந்த வெளிநாட்டுப் பாடத்திட்டமும் நமக்காகத் தீர்த்துத் தராது. நம் கொயர் மாஸ்டர்கள் தலைமுறை தலைமுறையாகத் தீர்த்துவந்த விஷயம் இது.

சுருதி இறங்குவது அடுத்தது. வாத்தியம் இல்லாமல் பாடினால் நான்கு சரணம் முடியும்போது கொயர் அரைக் கட்டை இறங்கியிருக்கும். டியூனிங் ஃபோர்க்கைத் தட்டிப் பார்த்தால், நொடிக்கு 440 அதிர்வு என்று அது உண்மையைச் சொல்லிவிடும். மூச்சின் தாங்கல் குறைவது, ஒரே ஸ்வரம் திரும்பத் திரும்ப வரும்போது கவனம் தளர்வது, இறங்கும் வரிசையில் ஒவ்வொரு படியையும் கொஞ்சம் அதிகமாக இறங்குவது என்று காரணங்கள் பல. "ஏத்திப் பாடுங்க" என்று கத்துவதால் சரியாகாது. எந்தக் குரல், எந்தப் படியில் இறங்குகிறது என்று கேட்டுச் சொல்லும் காது வேண்டும். மறுபடியும் காதுக்கே வந்துவிட்டோம்.

நம் பக்கத்தில் இன்று அதிகம் நடக்கும் ஒன்றை இங்கே வருத்தத்தோடு சொல்கிறேன். கீபோர்டில் ஆட்டோ ரிதத்தைப் போட்டுவிட்டு, அதற்கு மேல் கொயர் பாடுகிறது. இயந்திரம் நிற்காது, மூச்சு வாங்காது, வார்த்தைக்காகக் காத்திருக்காது. முன்னால் நிற்பவர் அந்த இயந்திரத்தின் தாளத்தைக் கையால் திருப்பிக் காட்டுவதைத் தவிர வேறு எதுவும் செய்ய முடியாது. வாரத்துக்கு ஒரு பாட்டையாவது ரிதத்தை அணைத்துவிட்டுப் பாடினால், அந்தக் கைக்கு வேலை வரும்.

வடசென்னையிலிருந்து தொடங்க விரும்புபவருக்கு

நம்மிடம் ஏற்கெனவே இருப்பதைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். தலைமுறைகளாக நம் கொயர்கள் டானிக் சோல்ஃபாவில் பாடுகின்றன. இங்கிலாந்தில் 19-ஆம் நூற்றாண்டில் ஜான் கர்வென் பரப்பிய முறை அது. பாட்டின் ஆதார ஸ்வரம் எதுவானாலும் அதை "டோ" என்று வைத்துப் படிப்பது. நம் சட்ஜமும் இப்படியே நகரக்கூடியது என்பதால் தமிழ்க் காதுகளுக்கு அது சிரமமின்றி ஏறியது. சோல்ஃபா தெரிந்த ஆல்ட்டோ, தாளைப் பார்த்து வாத்தியத் துணை இல்லாமல் தன் வரியைப் பாடுகிறார் என்றால், உட்செவியின் முதல் படி அவரிடம் இருக்கிறது. அதோடு நின்றுவிடாமல் ஐந்து கோட்டு ஸ்டாஃப் நொட்டேஷனும் கற்க வேண்டும். ஆர்கெஸ்ட்ரா ஸ்கோர் அந்த எழுத்தில்தான் இருக்கிறது.

சென்னைக்கு இந்த இசையோடு நீண்ட உறவு உண்டு. மெட்ராஸ் மியூசிகல் அசோசியேஷன் 1893-இல் தொடங்கியது, இன்றும் பாடுகிறது. அண்ணா சாலையில் இருக்கும் இசைக்கருவிக் கடை மியூஸி மியூசிகல் 1842-ஐச் சேர்ந்தது. லண்டன் டிரினிட்டி கல்லூரியின் இசை கிரேடு தேர்வுகள் என்றால் நம் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர்தான் நினைவுக்கு வரும். 2008-இல் ஏ.ஆர். ரஹ்மான் தொடங்கிய கே.எம். கன்சர்வேட்டரி இருக்கிறது. மும்பையில் 2006 முதல் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா இயங்குகிறது. பெண்களுக்கு இந்தத் தொழில் இல்லை என்று யாராவது சொன்னால் மரின் ஆல்ஸப்பைக் காட்டுங்கள். 2007-இல் பால்டிமோர் சிம்பொனியின் தலைமையை ஏற்றார், 2019 முதல் வியன்னா வானொலி சிம்பொனியின் முதன்மைக் கண்டக்டராகவும் இருந்தார். நம் தேவாலயங்களில் கொயரின் முன் நிற்கும் அக்காமார்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

வீட்டிலேயே தொடங்கக்கூடிய பயிற்சி ஒன்று சொல்கிறேன். இந்த ஞாயிறு பாடப்போகும் பாட்டில் நான்கு குரலும் உள்ள தாளை எடுங்கள். பாஸ் வரியைக் கீபோர்டில் இடது கையால் வாசித்துக்கொண்டே, வாயால் ஆல்ட்டோவைப் பாடுங்கள். தடுக்கும். மெதுவாக்குங்கள். அது வந்த பிறகு டெனரை வாசித்து சொப்ரானோவைப் பாடுங்கள். இப்படி எல்லா ஜோடியும் முடிந்த பின், கீபோர்டை மூடிவிட்டுத் தாளை மட்டும் பாருங்கள். நான்கும் சேர்ந்து மனத்தில் கேட்கிறதா என்று கவனியுங்கள். கேட்டால் எழுந்து நின்று, சத்தமில்லாத அந்த ஒலிக்கு ஒரு முன்னசைவு கொடுங்கள். கேட்கவில்லை என்றால் கையைத் தூக்க இன்னும் நேரம் வரவில்லை, மறுபடி இடது கையிலிருந்து தொடங்குங்கள்.